மாதர் ஞாயிறும் ஒரு கூறைச்சேலையும்

“...அதுவும் இளைப்பாறுதலைப் பற்றி. விடியமுன்னம் எழும்பி ஓடி, ஊர்ப் பொம்பிளையளுக்கெல்லாம் கொண்டை கட்டிப்போட்டு, மூச்சு வாங்க வந்து நிண்டுகொண்டு எங்களுக்கு இளைப்பாறச் சொல்லித் தரப் போறீரோ? இஞ்சை பாரும், மனிசருக்கு வெக்கம் எண்டு ஒண்டு...”

மச்சாள் அந்தப் பேச்சை முடிக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டார். பேச்சைப் பாதியில் விடுகிற ஆள் அவர் இல்லை. செத்தவீட்டில்கூட அழுகிறவர்களைக் கையமர்த்திவிட்டுத் தன் வசனத்தை முடித்துக்கொள்கிறவர். ஏன் நிறுத்தினார் என்று அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை. தேவாலயத்தின் பக்கக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு அவர் நின்றார். கையில் அவருடைய பிரசங்கம், சுருட்டிய தாள்களாக. என் கையில் ஹெல்மெட். உள்ளே முதல் பாட்டுத் தொடங்கிவிட்டது.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. பள்ளிக்கூடமொன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர் என்பது அரசாங்கத்தின் சொல். காலையில் ரியூசன், மத்தியானம் மாதர் சங்கக் கடிதங்கள், பின்னேரம் நோயாளிகளைச் சந்திக்கப் போவது என்று அவர் ஓட்டம் என் ஓட்டத்துக்குக் குறைந்ததில்லை. ஆனால் அவர் ஓடினால் அது ஊழியம். நான் ஓடினால் அது பேராசை. இந்தக் கணக்கை யார் போட்டார்களோ தெரியாது. எங்கள் சபையில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். கோப்பாயில் ஒரு மாடி அறை, நீளமான கண்ணாடி, வேலைக்கு இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே வந்து என்னைப் பிடித்துவைக்க வேண்டும் என்ற நிலைக்கு இந்தத் தொழிலைக் கொண்டுவந்தது நான்தான். எனக்கு என் வேலை பிடிக்கும். இதைச் சொல்ல எங்கள் சபையில் ஒரு பெண்ணுக்கும் வாய் வராது. கடமை என்பார்கள், கஷ்டம் என்பார்கள், பிள்ளைகளுக்காக என்பார்கள். பிடிக்கும் என்று சொன்னால் அதற்குத் தனியாகப் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு சிக்கல். என்னிடம் வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் சைவ ஆட்கள். அவர்களுக்கு முகூர்த்தம் பஞ்சாங்கத்தில் இருந்து வருகிறது. வெளிநாட்டில் இருந்து சொந்தம் வந்து நிற்கிற ஆவணி மாதத்தில் அது எப்படியோ ஞாயிற்றுக்கிழமையில்தான் போய் விழும். அந்த ஞாயிறுகளில் தேவாலயத்தில் என் இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெறும் இடத்தை மச்சாள் ஆராதனை முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாராம். பாட்டுப்புத்தகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

மாதர் ஞாயிறு எங்கள் சபையின் வழக்கம். வருடத்தில் ஒரு நாள் ஆராதனை முழுவதையும் பெண்கள் நடத்துவார்கள். பெண்கள் வேதபாடம் வாசிப்பார்கள், பெண்கள் காணிக்கை எடுப்பார்கள், பெண் ஒருத்தி பிரசங்க மேடையில் ஏறுவாள். ஆண்கள் கை கட்டிக்கொண்டு இருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் தேத்தண்ணீர் ஊற்றுவது அன்றைக்கும் பெண்கள்தான். அதை யாரும் மாற்ற நினைத்ததில்லை.

அந்த மேடையில் ஒருதரம் நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. போரில் இடம்பெயர்ந்த வருடம் என் படிப்பு நின்றுபோனது. பிறகு நான் படித்ததெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் இருத்திவைத்த பெண்களின் வாயில் இருந்துதான். தலை வாரிவிடுகிறவளிடம் பெண்கள் சொல்லாத கதை இல்லை. கேட்டுக் கேட்டு எனக்கும் கதை வந்தது. ஆனால் மேடைக்கு ஒவ்வொரு வருடமும் ஏறியது ஆசிரியைகளும் வங்கி அதிகாரியின் மனைவியும்தான். அதிலும் பாதி வருடங்கள் மச்சாள்தான். வேதத்தில் வருகிற இரண்டு சகோதரிகளின் கதையை எடுப்பார். தங்கை காலடியில் இருந்து கேட்டாள், அக்கா அடுக்களையில் நின்று அலுத்துக்கொண்டாள். அக்காவைப் பற்றிச் சொல்லும்போது அவர் கண் நான் இருக்கிற வாங்கில் வந்து நிற்கும். அந்த அக்கா சமைக்காவிட்டால் அன்றைக்கு வந்தவர்கள் என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்க எனக்கு நாக்குத் துடிக்கும். கேட்டதில்லை.

போன வருடம் புதிதாக வந்த போதகர், பிரசங்கத்துக்கு இந்த முறை ஆசிரியை அல்லாத ஒருவர் வரட்டும் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தலைப்பு இளைப்பாறுதல். திகதியும் அவரே சொன்னார்.

“அண்டைக்கு முகூர்த்தம்” என்றார் மச்சாள். கைப்பையில் இருந்து கலண்டரை எடுக்கவேயில்லை. எங்கள் ஊரில் அவரளவுக்குப் பஞ்சாங்கம் தெரிந்த கிறிஸ்தவர் வேறு யாரும் இல்லை. என்னைப் பிடிப்பதற்காகவே படித்திருந்தார்.

“உடுப்பிட்டியிலை ஒரு கலியாணம் இருக்குத்தான் மச்சாள்” என்றேன். “ஆனா அது விடியக் காலமை. ஆராதனைக்கு முன்னம் வந்திடுவன்.”

“அதுதான் நான் கேக்கிறன். ஐயரின்ரை பஞ்சாங்கம் பாத்துக் கர்த்தரின்ரை சந்நிதிக்கு வாற ஆள் எங்களுக்கு என்னத்தைச் சொல்லப் போறா? முதல் கலியாணம், மிச்ச நேரம் தேவனுக்கு. எச்சில் சோறு மாதிரி.”

“நான் ஸ்கூட்டியிலை போகேக்கையும் ஜெபிக்கிறனான்.”

“ஓமோம். ஹோன் அடிச்சு அடிச்சு.”

பெண்கள் சிரித்தார்கள். வங்கி அதிகாரியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு ஓயும் வரைக்கும் பொறுத்திருந்து மச்சாள் மெல்லச் சொன்னார்:

“நக்கிற நாய்க்குச் செக்கென்ன, சிவலிங்கமென்ன.”

பழமொழி எனக்குப் பிடித்த சாமான். யார் சொன்னாலும் மனதில் எடுத்துவைப்பேன். அன்றைக்கு அது என் முகத்தில் வந்து விழுந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பாத்தீங்களோ மச்சாள், ஒரு கிறிஸ்தவப் பொம்பிளையைத் திட்டுறதுக்கும் உங்களுக்குச் சிவலிங்கம் தேவைப்படுது.”

இந்த முறை சிரிப்பு என் பக்கம் வந்தது. அந்தச் சிரிப்பை மச்சாள் மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் போதகர் பக்கம் திரும்பி, “சரி, கதைக்கட்டும். ஆனா முதல் பாட்டு முடிய முன்னம் இவ வந்து நிக்கேல்லை எண்டா நான் மேடையிலை ஏறுவன். ஏதோ ஒண்டு எழுதி வைச்சிருப்பன்” என்றார். போதகர் தலையாட்டினார். அதோடு விஷயம் என் கால்களின் வேகத்தில் வந்து நின்றது. முதல் பாட்டு முடிவதற்குள் வந்தால் மேடை எனக்கு. ஒரு அடி பிந்தினால், கல்யாணத்துக்காகத் தேவனை விட்டவள் என்ற பெயர் சாகும்வரைக்கும்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் சாப்பிட்ட கையோடு அப்படியே இருந்தார்.

“கலியாணத்தை அந்தப் பிள்ளையளிட்டை விட்டா என்ன?”

“பொம்பிளை கனடாவிலை இருந்து வாறவள். என்னைக் கேட்டுத்தான் காசும் நாளும் குடுத்தவை. கூறை மாத்திற நேரம் அந்தப் பிள்ளையளுக்குக் கை நடுங்கும்.”

“அப்ப பிரசங்கத்தை அக்காவிட்டை விடும்.”

“விடமாட்டன்.”

“ரெண்டு தோணியிலை கால் வைக்கிறீர்.”

“ஒரு தோணியிலை உங்கடை அக்கா இருக்கிறா. இறங்க மாட்டா.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவர் எழுந்து கை கழுவப் போனார். மத்தளமாவது சத்தம் போடும்.

அந்த ஞாயிறுக்குச் சந்தன நிறத்தில் ஒரு சேலை எடுத்துவைத்தேன். யோசித்துத்தான் எடுத்தேன். சங்கப் பெண்கள் அன்றைக்கு வெள்ளையில் வருவார்கள். கல்யாண வீட்டுக்கு வெள்ளையில் போனால் வாசலிலேயே முகம் சுளிப்பார்கள். சந்தன நிறம் அங்கே அமங்கலமும் இல்லை, இங்கே ஆடம்பரமும் இல்லை. இடையில் உடுப்பு மாற்ற வேண்டாம், நேரம் மிச்சம். அன்று நான் சரியாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

உடுப்பிட்டியில் எல்லாம் நேரத்துக்கு நடந்தது. கல்யாணப் பொம்பிளை சொன்னபடி இருந்தாள், மயிர் சொன்னபடி நின்றது. ஆனால் எங்கள் பக்கத்துச் சைவக் கல்யாணத்தில் அலங்காரம் செய்கிறவள் பாதியில் போக முடியாது. பொம்பிளை ஒரு சேலையோடு மணவறைக்கு வருவாள். சடங்கு நடுவில், மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சேலையைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு அவள் அறைக்குள் ஓடி வருவாள். நகை கலையாமல், தலை கலையாமல், மை கலையாமல் அந்தக் கூறையை நாங்கள் உடுத்தி அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி. அந்த மாற்றம்தான் எங்கள் தொழிலின் பரீட்சை. அது முடிந்தால் நான் போகலாம்.

அன்றைக்குக் கூறைத் தட்டு, கல்யாணத்துக்கு வந்த ஆட்கள் தொட்டு ஆசீர்வதிக்கப் போன போக்கில் திரும்பி வரவேயில்லை. கனடாப் பெரியப்பா ஒருவர் ஒவ்வொரு கதிரைக்கும் அதைக் கொண்டுபோய் நீட்டினார். வீடியோக்காரர் அவரை நிறுத்தி, “அங்கிள், அதை இன்னொருக்கா” என்றார். நான் அறை வாசலில் ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். ஜெபிக்கவில்லை. அந்தப் பெரியப்பாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிரசங்கத்தின் தலைப்பு இளைப்பாறுதல்.

கூறை வந்தது. உடுத்திவிட்டோம். பொம்பிளை மணவறைக்குப் போக, நான் பெட்டியை மூடினேன். அப்போது பொம்பிளையின் தாய் ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

“தங்கச்சி, என்ரை பிள்ளையை அம்மன் மாதிரி ஆக்கிப்போட்டீர். சாப்பிடாமல் போகக் கூடாது.”

“இல்லை அக்கா, சேர்ச்சிலை அலுவல். கோவிக்காதேங்கோ.”

“அப்ப இதையாவது” என்று கையில் இருந்த தட்டைத் தொட்டார். கல்யாண வீடுகளில் சந்தனத் தட்டு நீட்டினால் விரல் நுனியால் தொட்டு மணிக்கட்டில் தடவிக்கொள்வேன். அவர்களுக்கும் மரியாதை, எனக்கும் தொந்தரவு இல்லை. அன்று என் இரண்டு கையிலும் பெட்டி. அந்த அம்மா தன் கையாலேயே ஏதோ செய்தார், ஏதோ வாழ்த்தினார். மேளம் கெட்டிமேளமாக மாறிய நேரம். நான் “வாறன் அக்கா” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டேன். அவர் விரல் என் நெற்றியில் பட்டது என் தோலுக்குத் தெரிந்திருக்கும். என் மனம் அப்போது தேவாலயத்தில் நின்றது.

வல்லை வெளியில் காற்று. அந்த வெளியைக் கடக்கும்போது வழக்கமாக மனம் அடங்கும். இரண்டு பக்கமும் வீடில்லை, மதிலில்லை, கூப்பிட ஆளில்லை. என் வாரத்தில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காத இடம் அது மட்டும்தான். அங்கேதான் ஜெபம் வரும். அன்றைக்கு ஜெபமாக வந்தது ஒரே ஒரு வாக்கியம்: ஆண்டவரே, அந்த மனுசியை மட்டும் மேடையில் ஏறவிடாதேயும்.

அந்த ஜெபம் கேட்கப்பட்டது. எப்படிக் கேட்கப்பட்டது என்பதுதான் கதை.

முதல் பாட்டு நடக்கும்போதே வந்து சேர்ந்தேன். ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் விட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறவள்தான். ஆனால் அதில் நான் பார்ப்பது எப்போதும் இன்னொருத்தியின் முகம். பக்கக் கதவில் மச்சாள் நின்றார். தொடக்கத்தில் சொன்ன வார்த்தைகளைச் சொன்னார், பாதியில் நிறுத்தினார், பிறகு நான் உள்ளே போனேன். நடுவில் அவர் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

மேடையில் ஏறி நின்றதும் தேவாலயம் அடங்கிய விதத்தை நான் எந்தப் பிரசங்கத்துக்கும் கண்டதில்லை. ஒரு இருமல் இல்லை. முன்வாங்கில் இருந்த மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். வங்கி அதிகாரியின் மனைவி பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்தார். போதகர் மடியில் இருந்த வேதப்புத்தகத்தில் இருந்து தலை எடுக்கவேயில்லை. என் வார்த்தை அவரைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “எனக்கு வருசத்திலை ரெண்டு மாதம்தான் ஓய்வு. ஆடியும் மார்கழியும். சைவ ஆக்கள் அந்த மாதங்களிலை கலியாணம் வைக்க மாட்டினம். எவ்வளவு அவசரம் எண்டாலும், மாப்பிளை பிளேனிலை வந்து நிண்டாலும், கதவு பூட்டுத்தான். எனக்கு நத்தார்ப் பண்டிகை நிம்மதியாய் வாறது அவையின்ரை மார்கழியாலை. எங்களுக்கு ஆண்டவர் வாரத்திலை ஒரு நாளைப் பூட்டித் தந்தவர். நாங்கள் அதைத் திறந்து ரியூசன் வைக்கிறம், கூட்டம் வைக்கிறம், ஆரார் வரேல்லை எண்டு வாங்கிலை தேடுறம். நானும்தான். நான் கலியாணத்துக்கு ஓடுறன், சிலபேர் சங்கத்துக்கு ஓடுகினம். ஓட்டம் ஓட்டம்தான். எங்களிட்டை இல்லாதது பூட்டு.”

சொன்னபோது பின்வாங்கில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. நான் இன்னும் உசாரானேன். இன்றைக்கும் சொல்வேன், அது நல்ல பிரசங்கம். மச்சாள் ஓரத்தில் இருந்து, கையை மடியில் வைத்து, கண்ணிமைக்காமல் கேட்டார். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு பொறுமையாக அவர் கேட்டதே இல்லை.

ஆராதனை முடிந்து வாசலில் எல்லோருக்கும் கை கொடுக்கப் போதகருக்குப் பக்கத்தில் நின்றேன். பலபேர் மற்றப் பக்கத்து வாசலால் போனார்கள். கை கொடுத்தவர்களும் என் கண்ணைப் பார்க்கவில்லை, கொஞ்சம் மேலே பார்த்தார்கள். கடைசியாக, கண் பார்வை குறைந்த ஒரு வயோதிப அம்மா என் கன்னத்தைத் தடவினார்.

“நல்லாய்க் கதைச்சாய் பிள்ளை. உண்மையைத்தான் கதைச்சாய். பொட்டும் உனக்கு வடிவாய்த்தான் இருக்கு.”

நான் வேப்பமரத்தடிக்கு நடந்து போனேன், ஓடவில்லை. ஸ்கூட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். புருவங்களுக்கு நடுவில் வட்டச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் குங்குமம். ஹெல்மெட் அதைத் தொடவேயில்லை. பொட்டு வைப்பது என் தொழில். அவ்வளவு வட்டமாக நான்கூட வைத்ததில்லை.

எங்கள் சபையில் பொட்டு வைத்த பெண் வாங்கில் வந்து இருந்தாலே வீடு தேடிப் போய் விசாரிப்பார்கள். நான் பொட்டோடு மேடையில் நின்று, பஞ்சாங்கத்தைப் புகழ்ந்து, ஞாயிறைக் குறை சொல்லியிருக்கிறேன். வேண்டுமென்றே செய்தேன் என்று பாதிப் பேர் நம்பினார்கள். மற்றப் பாதி, நான் எப்போதோ சைவத்துக்கு மாறிவிட்டேன், வீட்டில் சுவாமித்தட்டு இருக்கிறது என்றார்கள். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி, அடுத்த கிழமை மூப்பர்கள் வேறு வந்து சுவரெல்லாம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். போதகர் நல்லவர். “வாற வருசம் பழையபடி டீச்சர் ஆரையாவது கேப்பம்” என்று மட்டும் சொன்னார். மேடை எனக்கு ஒருதரம் கிடைத்தது, அந்த ஒருதரத்தோடு பூட்டிவிட்டார்கள். பூட்டு இல்லை என்று நான்தான் கவலைப்பட்டிருந்தேன்.

நான் சொன்னதில் என்ன பிழை என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் எரிகிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்குவேன். ஒருவரும் என் பேச்சைக் கேட்கவேயில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்று மத்தியானமே மச்சாளின் வீட்டுக்குப் போனேன். ரியூசன் பிள்ளைகளின் சோதனைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

“வாசலிலை நீங்கள் கண்டனீங்கள் தானே?”

“எதை?”

“என்ரை நெத்தியை.”

சிவப்புப் பேனையை மூடாமலே என்னை நிமிர்ந்து பார்த்தார். “கண்டனான்.”

“ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மச்சாள்.”

“நெத்தியைப் பாக்கிறது உம்மடை தொழில்” என்றார். “என்ரை இல்லை.”

பழமொழி சேர்க்கிறவள், அதையும் எடுத்துவைத்தேன். வந்த வழியே திரும்பினேன். இப்போதும் முகூர்த்த ஞாயிறுகளில் நான் வேலைக்குப் போகிறேன். மற்ற ஞாயிறுகளில் பழைய வாங்கில் போய் இருக்கிறேன். மாதர் ஞாயிறு வந்தால் மச்சாள் மேடையில் நின்று தங்கையையும் அக்காவையும் பற்றிப் பேசுவதைக் கேட்கிறேன். அக்காவை மன்னித்துவிட்டீரா என்று என் கணவர் கேட்பார். ஆடியில் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆடி வந்து போய்விட்டது.

வாசலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெக்கம் எண்டு ஒண்டு என்ற இடத்தில் அவர் கண் என் கண்ணுக்கு மேலே ஏறி அங்கேயே நின்றது. உள்ளே பாட்டின் கடைசி அடி தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கதவை மறைத்து நின்றிருந்தால் மேடை அவருடையது. அவர் கையில் சுருட்டியிருந்த தாள்களை நீவி, மடித்து, கைப்பைக்குள் வைத்துப் பூட்டினார். எனக்குக் கிட்ட வந்தார். இத்தனை வருட உறவில் என்னைத் தொட்டிராதவர், என் தோளில் ஒட்டியிருந்த மல்லிகை இதழ் ஒன்றை நகத்தால் கிள்ளி எடுத்தார். காற்றில் கலைந்த மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். கழன்றிருந்த ஊசியை எடுத்துச் சேலை மடிப்பை ஒவ்வொன்றாக அடுக்கிக் குத்திவிட்டார். ஒரு அடி பின்னால் போய் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்து, நான் உள்ளே போகும்வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.